கீழ் பாத்ரூமில் வாஷிங் மெஷின்... பாட்டிக்கு இடம் இருக்கா?

ஐப்பசி பிறந்துவிட்டால் காரைக்காலில் கொடிக்கயிறு வீட்டுக்குள் வந்துவிடும். ஹாலில் குறுக்கே ஒரு கயிறு, மாடிப்படிக் கைப்பிடியில் நாலு சட்டை, ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகில் ஸ்கூல் யூனிஃபார்ம். ஆண்டு மழையில் பெரும்பங்கை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வாங்கிவிடுகிற ஊர் இது. மொட்டைமாடியில் தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் வாஷிங் மெஷின் சாரலிலும் உப்புக்காற்றிலும் துருவேறிக்கொண்டிருக்கும். அப்போதுதான் அந்தப் பேச்சு எழும்.

"அத்தை, கீழ் பாத்ரூம் சும்மாதானே கிடக்கு... மெஷினை அங்க வெச்சிடலாமா?"

"வெச்சுக்கோம்மா. ஆனா நாளைக்கு எனக்கு முட்டி மக்கர் பண்ணா நான் எங்க போறது?"

காரைக்காலின் எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய மாடி வீடு இது. மகனும் மருமகளும் பிள்ளைகளும் மாடியில். அங்கே அட்டாச்டு பாத்ரூம் இருப்பதால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் நாலுக்கு ஆறு அடி பாத்ரூமை யாரும் கண்டுகொள்வதில்லை. உடைந்த பக்கெட், பழைய பாய், பினாயில் பாட்டில் எல்லாம் அங்கே குடியிருக்கும். அதை மெஷின் ரூம் ஆக்குவது நல்ல யோசனைதான். பாட்டியின் கேள்வியும் நியாயமான கேள்விதான். கொத்தனாரைக் கூப்பிடும் முன் அதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

பிரான்ஸ் பாத்ரூம் வேறு, நம்ம பாத்ரூம் வேறு

பிரான்ஸில் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் காரைக்காலில் நிறைய. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருந்தது. அந்தக் காகிதத்தின் நீட்சியாக இன்றைக்கும் பாரீஸிலிருந்து வீடியோ கால் வருகிறது. "எங்க வீட்டுல மெஷின் பாத்ரூம்லதான் இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று சித்தப்பா மகள் அங்கிருந்தே காட்டுவாள்.

அவள் சொல்வது பொய்யில்லை. பிரான்ஸில் சின்ன அபார்ட்மென்ட்களில் பாத்ரூமில் மெஷின் வைப்பது சகஜம். ஆனால், அங்கே அதற்கு ஒரு விதி இருக்கிறது. என்.எஃப். சி 15-100 என்ற அவர்களுடைய மின்சார விதிப்படி, குளியல் தொட்டி அல்லது ஷவரின் ஓரத்திலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளித்தான் மெஷின் நிற்க வேண்டும். அங்கே தொட்டிக்குள் நின்று குளிக்கிறார்கள், வெளியே தரை காய்ந்து கிடக்கிறது. நம் வீட்டில் வாளியும் குவளையுமாகக் குளித்தால் தரை, கதவு, சுவிட்ச் பெட்டிவரை தெறிக்கும். நாலுக்கு ஆறு அறையில் அந்த 60 சென்டிமீட்டரை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே, இந்த அளவு அறையில் மூன்றும் சேராது. மெஷினும் டாய்லெட்டும் இருக்கலாம், குளியல் கூடாது. குளியல் அங்கேதான் என்றால் மெஷின் வேறு இடம் பார்க்க வேண்டும். எட்டு அடி நீளம் இருந்தால் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பி, குளிக்கும் பக்கத்தை ஓர் அங்குலம் தாழ்த்திச் சமாளிக்கலாம்.

டாய்லெட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்கக் கூடாது. அதை உடைக்க ஒரு காலைப் பொழுது போதும். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து பாட்டி வாக்கரோடு வீடு திரும்பும்போது மறுபடி வைக்கத் தரையையே கிளற வேண்டும். பாட்டியை விடுங்கள்... ஆனி பௌர்ணமி மாங்கனித் திருவிழாவுக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் வீடு நிறைய விருந்தாளிகள் வந்து இறங்கும்போது, மாடியில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு காலையில் வரிசையில் நிற்பது யார்?

பாட்டி இப்போதே கீழேதான் குளிக்கிறார் என்றால் பேச்சே வேண்டாம், பாத்ரூம் அவருக்கு. மெஷினுக்குக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் மூன்று பக்கம் சுவரும் மேலே ஷீட்டும் போட்டுக்கொடுத்தால் போதும்.

டேப்பை எடுங்கள்

ஃப்ரன்ட் லோடு மெஷின் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலம், சுமார் 85 சென்டிமீட்டர் உயரம். ஆழம் மாடலுக்கு மாடல் மாறும். பின்னால் ஹோஸ் மடங்காமல் இருக்க இன்னும் நாலு விரற்கடை இடம் விடவேண்டும். டாப் லோடுக்கு மூடி மேலே திறக்கிற உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும், மாடிப்படிச் சரிவுக்கு அடியில் அது முட்டும். கடைசியில் எல்லோரும் மறப்பது வாசல்கால். இரண்டரை அடிக் கதவு என்பார்கள், சட்டம் போக உள்ளே மிஞ்சுவதை அளந்தால்தான் தெரியும், மெஷின் நுழையுமா என்று.

கதவு உள்பக்கம் திறந்தால் அதை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள். இடம் மிச்சமாகும். அதைவிட முக்கியம், உள்ளே வயதானவர் வழுக்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்காது. டாய்லெட் பக்கம் வைக்கும் கைப்பிடியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள். மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது ஸ்பின்னில் ஆடும் பொருள்.

தண்ணீர் வரும் வழி, போகும் வழி

கீழ்த்தளத்துக்கு ஒரு லாபம் உண்டு. டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பிரஷர். 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். மொட்டைமாடி டேங்கிலிருந்து மாடி பாத்ரூமுக்கு 3 மீட்டர் இறக்கம் என்றால் 0.3 பார்தான், ஃப்ரன்ட் லோடு தண்ணீர் எடுக்கத் திணறலாம். கீழே வந்தால் அது இரண்டு மடங்குக்கு மேல். எவ்வளவு வேண்டும் என்று மெஷினோடு வரும் கையேட்டில் இருக்கும்.

கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குழாயில் வெள்ளைப் படலம், சோப்பு நுரைக்காத தன்மை இரண்டும் கடினத்தன்மைக்கு அடையாளம். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை. சாஃப்ட்னர் இந்தக் கடினத்தன்மையைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. டிரம்மைப் பின்னால் தாங்கும் உலோகக் கையை அரிப்பது அந்த உப்புதான். முனிசிபல் தண்ணீருக்குத் தனி டேங்க் இருக்கிற வீட்டில் மெஷின் லைனை அதில் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பெரும்பாலான தவறு வெளியே போகும் வழியில்தான் நடக்கிறது. மெஷின் ஹோஸைத் தரையில் போட்டுவிட்டு, "நானி ட்ராப்ல போயிடும்" என்பார்கள். பம்ப் தள்ளுகிற வேகத்துக்கு நூலும் நுரையும் சேர்ந்து அந்தச் சின்ன ஜல்லடையை அடைக்கும், தண்ணீர் ஹாலை எட்டிப் பார்க்கும். ஹோஸ் தாழ இருந்தால் உள்ளே நிரம்பும்போதே தண்ணீர் வெளியே ஒழுகிக்கொண்டும் இருக்கும். சுவரோரம் இரண்டு, மூன்று அடி உயரத்துக்குத் தனி பி.வி.சி. பைப் நிறுத்தி, அடியில் ட்ராப் வைத்து, ஹோஸை மேலிருந்து தளர்வாக மாட்டவேண்டும்.

அந்தத் தண்ணீரை செப்டிக் டேங்கில் விடாதீர்கள். டேங்க் சீக்கிரம் நிரம்பும், உள்ளே வேலை செய்யும் கிருமிகளும் கெடும். கொல்லையில் ஓர் உறிஞ்சுகுழி, சுற்றிக் கல்வாழை. வாழைக்குத் திருப்பலாமே என்று கை துறுதுறுக்கும். சோப்புத்தூளில் உள்ள சோடியம் வருஷக்கணக்கில் மண்ணில் சேர்ந்தால் வாழை தாங்காது, தென்னை ஓரளவு தாங்கும்.

ஷாக்கும் வெள்ளமும்

வெந்நீர் ஹீட்டர் உள்ள மெஷின் 2,000 வாட் வரை இழுக்கும், அதாவது சுமார் 9 ஆம்பியர். இருக்கிற லைட் பாயின்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுப்பது விபரீதம். மெயின் போர்டிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் குறையாத தனி ஒயர், தனி எம்.சி.பி., 16 ஆம்ப்ஸ் சாக்கெட், கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கரன்ட் கசிந்தால் கண் இமைக்கும் முன் இணைப்பைத் துண்டிப்பது இந்தக் கடைசிப் பொருள்தான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள், உப்பு மண்ணில் எர்த் பைப் சீக்கிரம் அரித்துப்போகும்.

2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்காலுக்குச் சற்று வடக்கே கரையைக் கடந்தது. டெல்டா எங்கும் வெள்ளக்காடு. தாழ்வான தெருக்களில் மழைநீர் வாசல் வழியாக மட்டுமல்ல, பாத்ரூம் ட்ராப் வழியாகவும் உள்ளே வரும். அதனால் மெஷினுக்கு அரை அடி உயர கான்கிரீட் மேடை, ஓரத்தில் ஒரு விரல் உயர விளிம்பு (ஸ்பின்னில் நகர்ந்து விழாமல் இருக்க), சாக்கெட் நாலு அடிக்கு மேலே, வெளியேறும் பைப்பில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. மேடை இருந்தால் துணியை எடுக்கப் பாட்டி அவ்வளவு குனியவும் வேண்டாம்.

மழைக்காலத்தில் காயவைக்க டிரையர் வேண்டுமா? ஃப்ரன்ட் லோடு மீது அடுக்கி வைக்கும் டிரையர்கள் உண்டு. ஆனால் ஈரக்காற்றை வெளியே தள்ளும் வகை என்றால் சுவரில் துளை கட்டாயம். அதற்கு முன், 1,200 சுற்று ஸ்பின் உள்ள மெஷினும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் எவ்வளவு உதவுகின்றன என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிடலாம். மெஷின் கதவை வேலை முடிந்ததும் லேசாகத் திறந்து வைத்தாலே பூஞ்சை வாடை பாதி போகும்.

வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொண்டால் சுவர் நன்றாகக் காயும். கொத்தனார் வரும் முதல் நாள் தரையில் சாக்பீஸால் மெஷினின் அளவைக் கட்டமாக வரையுங்கள். பிறகு பாட்டியை உள்ளே அழைத்துவந்து, கதவைச் சாத்தி, உட்கார்ந்து எழுந்து வெளியே வரச் சொல்லுங்கள். கோட்டை அவர் கால் மிதித்தால், கோட்டைத்தான் அழிக்க வேண்டும்.