வெள்ளைச் சுவரும் நீலக் கதவும்



இந்த இதழில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோமா? பயப்பட வேண்டாம், டிக்கெட் செலவு கிடையாது! கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின், மொராக்கோ என்று மத்திய தரைக்கடலைச் சுற்றி இருக்கிற நாடுகளின் வீடுகளைக் காலண்டர் படங்களிலும் சினிமாப் பாட்டுக் காட்சிகளிலும் பார்த்திருப்பீர்கள். பால் போல வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் மண் தொட்டி நிறையப் பூ. இந்தப் பாணியில் வீட்டை அலங்கரிப்பது இப்போது ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது.

என் அண்ணன் மகள் இதே சங்கரன்கோவிலில், இரண்டே அறை உள்ள வீட்டில் குடியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. "அத்தை, நம்ம வீட்டையும் இந்த மாதிரி ஆக்கணும். பொய்க்கூரை, சுவருக்குக் கல் மாதிரி ஒட்டுற தாள், பிளாஸ்டிக் கொடி எல்லாம் போட்டுத் தாரோம்னு சொல்லுதாங்க. சீட்டுப் பணத்தை எடுத்திரலாமான்னு பார்க்கேன்" என்றாள். அந்தப் பிள்ளைக்கோ கழுத்திலும் முதுகிலும் வியர்க்குரு. "சீட்டுப் பணம் அப்படியே இருக்கட்டும்டி, முதல்ல இதைக் கேளு" என்று அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அழகுக்கு முன்னால் வெயில்

அந்த நாட்டு ஜனங்கள் படம் பிடிப்பதற்காகவா சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்? கோடையில் அங்கேயும் மழை இல்லாத கொளுத்துகிற வெயில். கல்லும் சுண்ணாம்பும் மண்ணும்தான் மலிவாகக் கிடைத்தன. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பியது. கனத்த சுவரும் சின்ன ஜன்னலும் வெக்கையை வெளியே நிறுத்தின. கிரீஸ் நாட்டின் சாந்தோரினித் தீவில் கப்பல் கூலியாட்கள் எரிமலைச் சாம்பல் இறுகிய சரிவைக் குடைந்து குகை போல வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் பணத்தைக் கொட்டித் தங்குவது அந்த ஏழை வீடுகளில்தான்.

அந்த நீல நிறம் எப்படி வந்தது தெரியுமா? துணிக்குப் போடுகிற நீலப்பொடியைச் சுண்ணாம்பில் கலந்து அடிப்பது அந்தத் தீவுகளில் பழைய வழக்கம். அட, இது நம்ம வீட்டுக் கதை அல்லவா! பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது நம் ஆச்சிமார் ஒரு சிட்டிகை நீலம் சேர்த்தது ஞாபகம் வருகிறதா?

ஆகவே, இந்தப் பாணி கடையில் வாங்குகிற சாமான் அல்ல. வெயில் ஊரில், கையில் இருக்கிற சரக்கை வைத்து, சின்ன வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்கிற வழி. அந்த வழியில் போனால் அழகு தானாக வரும். அழகை மட்டும் ஒட்டினால் வெக்கை அப்படியே இருக்கும்.

முதல் செலவு மொட்டை மாடிக்கு

அவர்கள் ஊருக்கும் நம் ஊருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு நேர் மேலே வராது. நமக்குச் சித்திரை பிறக்கும் சமயம் நட்ட நடு உச்சியில் நிற்கும். அதனால் நம் வீட்டுக்குள் வெக்கை இறங்குவது முக்கியமாகக் கூரை வழியாக. கையில் இருக்கிற காசில் முதல் பங்கு மொட்டை மாடிக்கே போகட்டும்.

மாசி மாதம், வெயில் முற்றுவதற்கு முன், மாடியைப் பெருக்கிக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பில் வண்ணக்கடைப் பசை சேர்த்து இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துபோகும். அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டியதுதான். இது ஏதோ கிராமத்து வைத்தியம் என்று நினைக்காதீர்கள். அகமதாபாத் நகரத்தில் 2017இல் ஏழைகளின் குடியிருப்புக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் திட்டம் தொடங்கினார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்கள் அதைச் சுரண்டவோ, துளை போடவோ, உடைக்கவோ வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். அதன் மேல் ஏறுவதும் ஆபத்து.

சுவருக்குச் சுண்ணாம்பு

நீற்றிய சுண்ணாம்பை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் கோந்தோ, அரிசிக் கஞ்சியோ சேருங்கள். மோர் பதத்துக்கு இருக்க வேண்டும். கெட்டியாக ஒரே தடவை அடித்தால் உதிரும். நீர்க்க மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, ஒரு தடவை குறுக்கே, ஒரு தடவை நெடுக்கே என்று அடித்தால் பட்டுப் போல நிற்கும். அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. அந்த மினுமினுப்பு இல்லாத வெண்மைதான் படத்தில் நாம் பார்த்து மயங்குவது.

ஏற்கனவே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே பளபளப்பு இல்லாத வெள்ளை டிஸ்டெம்பரே போதும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை அடிக்கிறோம் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும். அந்த வேலையை வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் செய்யவே வேண்டாம். ஈரச் சுண்ணாம்பும் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு டாக்டரிடம் போக வேண்டும். சுவர் நன்றாகக் காயும் வரை கைக்குழந்தையை அந்த அறையில் போடாதீர்கள்.

நீலக் கதவு, ஆனால் நிதானமாக

எல்லாவற்றுக்கும் நீலம் அடித்தால் அழகு போய்விடும். ஒரு கதவு, அல்லது இரண்டு ஜன்னல், அவ்வளவுதான். வெள்ளை, செம்மண் நிறம், ஒரு நீலம் என்று மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொண்டால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும்.

இங்கே இளம் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முன் அடித்த கதவை உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்தால் தூசி தரையில் படியும். தவழுகிற குழந்தை அதைத் தொட்டு வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகையால் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். புது டப்பா வாங்கும்போது ஈயம் பற்றிய குறிப்பைப் படித்து வாங்குங்கள்.

காலுக்குக் குளிர்ச்சி, கண்ணுக்கு இதம்

செம்மண் நிறத் தரைதான் இந்தப் பாணிக்கு உயிர். நம் வீட்டுக் காவித் தரை, அதாவது சிமெண்டில் ரெட் ஆக்சைடு கலந்து இழைத்த தரை, இதற்கு அச்சாகப் பொருந்தும். அதை உடைத்துவிட்டு வழுக்குகிற டைல்ஸ் போடாதீர்கள். துடைத்துக் காய்ந்த பின் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகும். வழுக்காமல் இருக்க உபரி எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

பூப்போட்ட தரை வேண்டும் என்பவர்கள் காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் செய்கிற பூக்கற்களைப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளை வைக்காமல், தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துச் செய்வது. வீடு முழுக்க வேண்டாம். வாசற்படி ஓரம் ஒரே ஒரு வரிசை பதித்தால் போதும், வருகிறவர்கள் கண் அங்கேதான் நிற்கும்.

கம்பளத்துக்குப் பதில் பத்தமடைக் கோரைப்பாய். திரைக்குப் பழைய நூல் சேலை. தறிச் சத்தத்தில் விடிகிற ஊர் நம் ஊர். வெளுத்துப்போன ஒரு பருத்திச் சேலையில் இரண்டு ஜன்னலுக்குத் திரை தைக்கலாம். கோடையில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டித் தண்ணீர் தெளித்தால் காற்றும் குளிரும், மணமும் வரும்.

சாமானைக் குறையுங்கள்

கிரீஸ் தீவு வீடுகளில் பெரிய பெரிய பீரோ, சோபா கிடையாது. சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடைதான் உட்காரவும் படுக்கவும். சாமான் வைக்கச் சுவரிலேயே மாடம். நம் திண்ணையும் மாடக்குழியும் வேறென்ன? தறி போட்ட வீட்டில் பாதி இடத்தைத் தறியே எடுத்துக்கொள்ளும். அங்கே நாற்காலி வாங்கி அடுக்கினால் குழந்தை எங்கே தவழும்? சுவரோரம் ஒரு சிமெண்ட் திண்ணை, அதன் மேல் மடித்த ஜமுக்காளம், மாடத்தில் ஒரு அகல்விளக்கு. போதும், லட்சணமாக இருக்கும்.

காருகுறிச்சி மண்பாண்டங்கள் நம் பக்கத்தில் பேர் பெற்றவை. ஒரு பெரிய பானையை மூலையில் மணல் பரப்பி வைத்தால் அலங்காரத்துக்கு அலங்காரம், குடிக்கக் குளிர்ந்த நீர். ஸ்பெயினிலும் மூக்கு வைத்த மண்கூஜாவில் இப்படித்தான் தண்ணீரைக் குளிர வைப்பார்கள்.

தொட்டிச் செடிகள்

ஸ்பெயினின் கோர்தோபா நகரில் முற்றத்துச் சுவர் முழுக்கப் பூந்தொட்டிகளை மாட்டி வருஷா வருஷம் விழா எடுக்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கிரீஸில் ஜன்னலோரம் வைக்கிற செடி பேசில்; அது நம் துளசியின் உடன்பிறப்பு. அதற்கு நம் முற்றத்தில் துளசி, புதினா, ஓமவல்லி, ஒரு மல்லிகைக் கொடி. சளிக்கும் ஆச்சு, சட்னிக்கும் ஆச்சு, தலைக்கும் ஆச்சு!

ஆனால் அரளி மட்டும் வேண்டாம். மத்திய தரைக்கடல் ஓரத்தில் தானாகவே வளர்கிற செடி அது, படங்களில் அழகாகத் தெரியும். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். வாயில் எதையும் போட்டுப் பார்க்கிற வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒரு தடவை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யத் தேவையில்லை. முதலில் மாடிக்கு வெள்ளை. அடுத்தது மேற்கு ஜன்னலுக்குத் தட்டி. மூன்றாவது சுவருக்குச் சுண்ணாம்பு. நான்காவது வேண்டாத சாமானை வெளியேற்றுவது. இதற்குச் செலவே இல்லை. கடைசியாகக் கதவுக்கு நீலம், வாசலுக்குத் தொட்டி. இந்த வரிசையில் போனால் பாதியில் பணம் தீர்ந்தாலும் வீட்டுக்குள் குளிர்ச்சி மிஞ்சும். வரிசையை மாற்றி நீலத்தில் தொடங்கினால் படம் மட்டும்தான் மிஞ்சும்.

மாசி மாதமே ஆரம்பித்தால் சித்திரை வெயிலுக்கு முன் மாடி முடிந்துவிடும். ஆடித் தபசுக்கு விருந்தாளிகள் வரும்போது முழு வீடும் தயாராக இருக்கும். உங்கள் வீட்டில் எந்த மூலை ரொம்ப வெக்கையாக இருக்கிறது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நல்ல யோசனைகளை இந்தப் பகுதியில் எல்லோரும் பகிர்ந்துகொள்வோம்.