மறைந்த பாதையின் நிழற்படங்கள்

நம் கல்முனைக்குப் புகையிரதம் இல்லை. 1928இல் வந்த பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. இருந்த புகையிரதத்தை இழந்த ஊர்களும் இந்நாட்டில் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைவரை, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு சிறு வண்டி ஓடிற்று. 1904இல் முழுமைபெற்ற அப்பாதை, தேயிலையையும் பிரயாணிகளையும் சுமந்து, லொறிகளின் போட்டிக்கு ஆற்றாது 1948இல் மறைந்தது.

இன்று அவ்வண்டியை நமக்குக் காட்டுவன பழைய நிழற்படங்களே. படத்திலுள்ள இயந்திரத்தை நூல்களைக் கொண்டு இனங்காணலாம். அதனருகே நிற்கும் தொழிலாளியின் பெயரையோ, பின்புறத்தில் எவரேனும் எழுதியிருந்தாலன்றி, அறிவதெங்ஙனம்?

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். முகமறிந்த மூத்தம்மா இருக்கும்போதே கேட்டு, பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் மெல்லிய பென்சிலால் பின்புறத்தில் எழுதிவைக்குமாறு வேண்டுகிறோம்.