பாலிசி விற்கும் நாளிலேயே சொல்ல வேண்டியது

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கும் ராணுவக் குடும்பங்களுக்குமான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் 2022 டிசம்பர் முதல் புதிதாக யாரும் சேர முடியவில்லை. இரண்டாண்டுக்கென அறிவித்த நிறுத்தம் 2026 டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. இத்திட்டத்துக்கு நேர்ந்ததைக் காப்பீட்டுத் துறையினர் ஊன்றிப் படிக்க வேண்டும்.

அமெரிக்கக் காங்கிரஸ் 2000இல் சட்டம் இயற்ற, 2002இல் திட்டம் தொடங்கியது. குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், மலசலம் அடக்குதல் ஆகிய ஆறில் இரண்டைத் துணையின்றிச் செய்ய இயலாதவருக்கும், கடும் மறதிநோய் கண்டவருக்கும் இது பணம் தருகிறது. இத்தகைய நெடுநாள் அன்றாடப் பராமரிப்பை முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரும் ராணுவத்தினருக்கான டிரைகேரும் ஏற்பதில்லை. வறியோருக்கான மெடிக்கெய்டோ சேமிப்பு பெரும்பாலும் கரைந்த பிறகே கைகொடுக்கும். ஆகவே தேவை உண்மையானது. ஆனால் பிரீமியத்தில் அரசின் பங்கு ஏதுமில்லை. முழுவதும் சேர்ந்தவரே கட்ட வேண்டும்.

கணிப்புகள் பொய்த்தபோது பாரமும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. இடையில் பாலிசியைக் கைவிடுவார்கள் என்று கணக்கிடப்பட்டவர்களில் பலர் விடாமல் கட்டினார்கள். ஆயுள் நீண்டது, பராமரிப்புச் செலவு ஏறியது, வட்டி சரிந்து முதலீட்டு வருவாய் குறைந்தது. 2009இல் ஒரு பிரிவினருக்கு 25 சதவீதம் வரை பிரீமியம் உயர்வு அறிவிக்கப்பட்டது. 2016இல் சராசரி உயர்வு 83 சதவீதம், உச்சம் 126 சதவீதம். 2024இல் தொடங்கிய உயர்வு மூன்றாண்டுகளில் 86 சதவீதம் வரை போகிறது.

வயது கூடுவதால் பிரீமியம் ஏறாது, ஆனால் ஒரு பிரிவினர் அனைவருக்கும் சேர்த்து உயர்த்தலாம் என்பதே ஒப்பந்தம். சட்டப்படி குறையில்லை. ஆனால் எழுபது வயதில், வேறு நிறுவனம் ஏற்காத உடல்நிலையில் இருப்பவருக்கு என்ன வழி? கூடுதலாகக் கட்டலாம், பயனைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது இருபதாண்டு கட்டியதில் பெரும்பகுதியை இழந்து வெளியேறலாம். இது தேர்வே அல்ல.

பிரீமியம் வகுப்போர், பாதியில் விட்டுப் போகிறவர்களை நம்பி விலை வைக்கக் கூடாது. விட்டால் லாபம், தொடர்ந்தால் நட்டம் என்ற கணக்கில், விசுவாசமாகக் கட்டுபவரே தண்டிக்கப்படுகிறார். கணிப்பு பிசகினால், தாமதமின்றிச் சிறுசிறு உயர்வுகளாகச் சரிசெய்ய வேண்டும். ஏழாண்டு காத்திருந்து ஒரே அடியாக ஏற்றக் கூடாது. விற்கும் முகவர், பிரீமியம் இரட்டிப்பானால் ஓய்வூதியத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிக் காட்ட வேண்டும்.

திட்டம் மீண்டும் திறக்கப்படுமானால், அமெரிக்க அரசு வேலை கொடுப்பவர் என்ற முறையில் தன் பங்கைச் செலுத்த வேண்டும். நாட்டுக்கு உழைத்தவரின் முதுமைச் சுமையை அவர் மட்டுமே தாங்குவது நியாயமல்ல.