சாய்த்தால் சாய்வெழுத்தாகுமா?

சாய்ந்த எழுத்தெல்லாம் சாய்வெழுத்தன்று. 1501இல் வெனிசு நகரத்து அச்சகத்தார் ஆல்டசு மனூத்தியசு நூலச்சிட்ட சாய்வெழுத்தைப் பிரான்செசுகோ கிரிப்போ வெட்டினார். அது அந்நாட்டுக் கற்றோர் விரைந்தெழுதிய கையெழுத்தினின்று பிறந்தது. முனைக்கோடுகளைக் களைந்து 1928இல் வெளிவந்த 'கில் சான்சு' எழுத்துக்குச் சாய்வு வரைந்தபோதும், எரிக்கு கில் வெறுமனே சாய்த்துவிடவில்லை. இரண்டடுக்கான சிற்றெழுத்து 'ஏ'யைக் கையெழுத்துப்போல் ஓரடுக்காக்கினார். 1957இல் வந்த 'யூனிவர்சு' நேரெழுத்தின் சாய்ந்த வடிவே. ஆயினும் அதிரியன் புரூட்டிகர் 55 நேரெழுத்து, 56 சாய்வெழுத்து எனத் தனியெண் தந்து, அதனைத் தனியுறுப்பாகவே அமைத்தார். நூற்பெயரையும் அயற்சொல்லையும் அழுத்தச்சொல்லையும் பிரித்துக் காட்டல் அதன் பணி. அவர்தம் எழுத்துக்கு அவர் உழைத்தனர்.

தமிழச்சில் நடப்பதென்ன? கணிப்பொறியில் ஒரு விசையைத் தட்டுகின்றனர். ழகரமும் ணகரமும் சுழி சிதைந்து, கள்ளுண்டார்போல் சாய்கின்றன! இதற்குப் பெயர் புதுமையாம்!

தேற்றிச் சொல்லத் தமிழுக்குத் தேற்றேகாரம் உண்டு; பிரித்துச் சொல்லப் பிரிநிலை ஏகாரம் உண்டு; கண்ணுக்குக் காட்டத் தடித்த எழுத்து உண்டு. சாய்வே வேண்டுமெனின், நம் சுவடியெழுத்தையும் கையெழுத்தையும் ஆய்ந்து புதிதாய் வரைக! அயலாரின் உழைப்பை விட்டுவிட்டுச் சாய்வைமட்டும் கடன்கொள்ளல் அறிவாகாது. தமிழெழுத்தை நிமிர்த்துங்கள், தமிழரே!