எத்தனை லிட்டர்னு கேக்காதீங்க, எத்தனை அடின்னு கேளுங்க

டிஸ்கி: இது கடல்மீன் தொட்டி பத்தின பதிவு. மீனுன்னா குழம்பு மட்டும்தான்னு நினைக்கிறவங்களும் படிக்கலாம், மோட்டார் வாங்கும்போது உதவும் :-)

வேடசந்தூர் பக்கம் விவசாயம் பண்ற யார்கிட்டயாவது போய் "ஒரு மோட்டார் வாங்கணும்ணே"ன்னு சொல்லிப் பாருங்க. அவர் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி "எத்தனை அடி?" அப்புறம்தான் எத்தனை இஞ்ச் பைப், எவ்வளவு தண்ணி வேணும்ங்கிறதெல்லாம். அதே ஆளோட பையன் கடல்மீன் தொட்டிக்கு பம்ப் வாங்கப் போனா, கடையில கேக்குற முதல் கேள்வி "தொட்டி எத்தனை லிட்டர் தம்பி?" பதில் சொன்னதும் இருக்கிறதுலயே பெரிய நம்பர் போட்ட டப்பாவை எடுத்துக் கையில குடுத்துருவாங்க.

என் கருத்து இதுதான்: நம்ம விவசாயி கேக்குற கேள்விதான் சரி. கடல்மீன் தொட்டிக்கு ரிட்டர்ன் பம்ப்பை கிணத்து மோட்டார் மாதிரிதான் தேர்ந்தெடுக்கணும்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நம்ம வீட்டுல தரைக்குக் கீழ சம்ப், மொட்டை மாடியில டேங்க் இருக்குல்ல? கடல்மீன் தொட்டியும் அதே கதைதான். மேல கண்ணாடித் தொட்டி, கீழ ஸ்டாண்டுக்குள்ள ஒரு சின்னத் தொட்டி. அதுக்கும் பேரு சம்ப்தான். மேல வழியுற தண்ணி குழாய்ல இறங்கி சம்ப்புக்கு வரும், அங்க அழுக்கு பிரியும். சுத்தமான தண்ணிய மறுபடியும் மேல ஏத்துறதுதான் ரிட்டர்ன் பம்ப். மாடி டேங்க் நிறைஞ்சா மோட்டாரை நிறுத்திடலாம். இது வருஷம் 365 நாளும், 24 மணி நேரமும் ஓடணும். நின்னா, உள்ள இருக்கிறது உயிர்.

போன மாசம் ஊர்ல ஒரு நண்பன் போன் பண்ணினான். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல தொட்டி செய்யச் சொல்லியிருக்கான். கணக்குப் போட்டா சுமார் 255 லிட்டர். "கடையில 6000 லிட்டர் பம்ப் சொல்றாங்க, 60 வாட்டாம், வாங்கலாமா?"ன்னு கேட்டான். (கடை பேர் வேண்டாம், எல்லா ஊர்லயும் இதே கதைதான்.) அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க விரிவா எழுதுறேன்.

முதல்ல டப்பாவைப் படிக்கக் கத்துக்கணும். "மணிக்கு 2500 லிட்டர், 3 மீட்டர்"னு போட்டிருந்தா, 3 மீட்டர் உயரத்துக்கு 2500 லிட்டர் ஏத்தும்னு அர்த்தம் இல்லை. உயரமே இல்லாம ஓடினா 2500 லிட்டர். 3 மீட்டர் உயரத்துக்குப் போனா பூஜ்யம்! ரெண்டுக்கும் நடுவுல என்ன வரும்ங்கிறதை ஒரு வளைகோடா போட்டிருப்பாங்க, அதைத்தான் பார்க்கணும். சுமாரா பாதி உயரத்துல பாதித் தண்ணின்னு வச்சுக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட நீர்மூழ்கி மோட்டார் தகட்டுல எவ்வளவு ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணின்னு சேர்த்தே போட்டிருக்கும். கண்ணாடித் தொட்டி பம்ப்ல அந்த மரியாதை கிடையாது, பெரிய நம்பர் மட்டும் கொட்டை எழுத்துல.

நண்பனோட தொட்டிக்கு வருவோம். ஸ்டாண்ட் இரண்டரை அடி, தொட்டி ஒன்றரை அடி, ஆக நாலடி. குழாய் வளைவுகள்ல போற இழப்பையும் சேர்த்து 5 அடி, அதாவது 1.5 மீட்டர்னு வைங்க. சம்ப் வழியா ஒரு மணி நேரத்துல தொட்டித் தண்ணி நாலு தடவை சுத்தினா தாராளம். 255 பெருக்கல் 4, சுமார் 1000 லிட்டர். ஆக, 1.5 மீட்டர் உயரத்துல 1000 முதல் 1250 லிட்டர் தர்ற பம்ப் போதும். மேல சொன்ன அந்த 2500 லிட்டர் பம்ப்பே கச்சிதம். 25 வாட் கிட்ட இருக்கும்.

"பெருசா வாங்கி வால்வை வச்சுக் குறைச்சுக்கலாமே?"ன்னு கேப்பீங்க. ஏசி பம்ப்ல வால்வைத் திருகினா தண்ணி குறையும், கரண்ட் அந்த அளவுக்குக் குறையாது. 60 வாட் பம்ப் ரெண்டு மாசத்துல 86 யூனிட் சாப்பிடும், 25 வாட்டுன்னா 36 யூனிட். 2016-ல வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு குடுத்தாங்களே, அதுல பெரும்பங்கை மீன் பம்ப் ஒண்ணே தின்னுரும்.

பணத்தை விடுங்க. தண்ணிக்குள்ள முங்கி இருக்கிற பம்ப் தின்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் தண்ணியில சேருது. சம்ப்பையும் சேர்த்து 330 லிட்டர்னு வச்சு, சூடு வெளிய போகவே இல்லைன்னு கணக்குப் போட்டா, 60 வாட் பம்ப் 10 மணி நேரத்துல ஒன்றரை டிகிரி ஏத்தும். நிஜத்துல கொஞ்சம் சூடு வெளிய போயிரும்தான். ஆனா சித்திரை மாசத் திண்டுக்கல்ல எங்க போகும்? வெளிய அதைவிடச் சூடு!

"பவளத்துக்கு வேகமா தண்ணி ஓடணுமே"ங்கிறது அடுத்த கேள்வி. உண்மைதான். ஆனா தண்ணிய ஏத்துறது வேற, அசைக்கிறது வேற. தொட்டிக்குள்ளயே மாட்டுற வேவ்மேக்கருக்கு உயரமே கிடையாது, அதனால சில வாட்லயே ஆயிரக்கணக்கான லிட்டரைத் தள்ளும். மாடிக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரை யாராவது மின்விசிறிக்குப் பதிலா வைப்பாங்களா?

பவளம்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். "ராமேஸ்வரத்துல இருந்து உயிர்ப்பவளம் வரும்"னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. பாறை கட்டுற பவளங்கள் எல்லாம் 2001-ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடா 1986-ல கடல் தேசியப் பூங்கா ஆச்சு. அங்க இருக்கிற பவளமே 1998, 2010, 2016-ன்னு கடல் சூடேறின வருஷங்கள்ல வெளுத்துப் போச்சு. கடலே தாங்காத சூட்டை நம்ம ஹால் தாங்குமா? செராமிக் பாறை, குஞ்சு பொரிப்பகத்துல வளர்ந்த கோமாளி மீன் ஒரு ஜோடி, இது போதும். மண்டபம் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துலயும் பரங்கிப்பேட்டையிலயும் கோமாளி மீனை இனப்பெருக்கம் பண்ணியே காட்டிட்டாங்க. கடல்ல இருந்து பிடிச்சுட்டு வரவேண்டிய அவசியமே இல்லை. இந்தத் தொட்டிக்கு ராட்சச பம்ப்பும் வேண்டாம்.

இப்ப கரண்ட் கட்டுக்கு வருவோம். 2012-ல நான் ஸ்கூல் படிச்சப்ப மெழுகுவத்தி வெளிச்சத்துல ஹோம்வொர்க் எழுதின தலைமுறை நாம. அந்த அளவுக்கு இப்ப இல்லைன்னாலும் "மாதாந்திரப் பராமரிப்பு"ன்னு ஒரு பகல் முழுக்கப் போகும்ல? பம்ப் நின்ன அடுத்த நொடி, மேல் தொட்டித் தண்ணி அதே குழாய் வழியா பின்னாடி இறங்கும். நண்பனோட தொட்டியில ஒரு இஞ்ச் தண்ணின்னா 14 லிட்டர். குழாய் வாய் 6 இஞ்ச் ஆழத்துல இருந்தா 85 லிட்டர் சம்ப்புக்கு வரும். சம்ப்ல அவ்வளவு இடம் இல்லைன்னா ஹால் தரையில உப்புத்தண்ணி. குழாய் வாயை ஒரு இஞ்ச் ஆழத்துலயே வைங்க. ஒருவழி வால்வை நம்பாதீங்க. கிணத்து ஃபுட்வால்வே ஒரு சின்னக் கல்லு மாட்டினா ஒழுகும். இதுல உப்பும் சுண்ணாம்பும் படியும், நம்ம ஊர் பூட்டு மாதிரிப் பூட்டும்னு எதிர்பார்க்கக் கூடாது. மீன் விடுறதுக்கு முன்னாடியே பத்துத் தடவை சுவிட்சை அணைச்சுப் பாருங்க.

ஏசியா, டிசியா? டிசி பம்ப் சத்தமில்லாம ஓடும், வேகத்தைக் குறைச்சா கரண்டும் குறையும், பேட்டரியிலயும் ஓட்டலாம். ஆனா கன்ட்ரோலர் போச்சுன்னா பம்ப்பே போச்சு. ஏசி பம்ப் எளிமையானது, ஆனா சதுர அலை இன்வெர்ட்டர்ல போட்டா உறுமும், சூடாகும். என் ஓட்டு டிசிக்குத்தான், ஒரு நிபந்தனையோட: இம்பெல்லரும் கன்ட்ரோலரும் தனியா வாங்கக் கிடைக்கணும். கிடைக்கலைன்னா அந்த மாடலையே தொடாதீங்க. தண்டு செராமிக்கா இருக்கணும், கடல்தண்ணியில எந்த இரும்பும் நாளடைவுல துரு விடும். ஏர்கூலர் மோட்டார் மலிவுன்னு போட்டுராதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வினிகர்ல ஊறவச்சுக் கழுவுங்க. எந்த பம்ப்பா இருந்தாலும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். உப்புத்தண்ணியில கை விடப்போறது நீங்கதான்.

ஆக, கடைக்குப் போறதுக்கு முன்னாடி டேப் எடுத்து சம்ப் தண்ணி மட்டத்துல இருந்து குழாய் வாய் வரைக்கும் அளந்து எழுதிக்கங்க. கடையில வளைகோட்டைக் காட்டச் சொல்லுங்க. உங்க அடிக்கு எவ்வளவு தண்ணின்னு சொல்லத் தெரியலைன்னா, எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துருங்க.

பி.கு: நண்பன் 25 வாட் பம்ப்தான் வாங்கியிருக்கான். மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம், ஆனா உங்க தொட்டி எத்தனை அடின்னு சேர்த்து எழுதுங்க :-)