சிட்டா இல்லாத கைகள்

நிலத்திற்கும் ஓய்வு உண்டு என்கிறது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். ஆறு ஆண்டுகள் விதைத்த வயலை ஏழாம் ஆண்டு தரிசாக விட்டுவிட வேண்டும். சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் கூட்டங்களில் இப்பகுதி இப்போது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும் ஆறாம் வசனம் வரை செல்வோர் சிலரே. ஓய்ந்த நிலத்தில் தானாக விளைவது உரிமையாளனுக்கு மட்டுமன்று. அவனுடைய அடிமைக்கும் கூலியாளுக்கும் அவனிடம் தங்கியிருக்கும் அந்நியனுக்கும் உணவாகும் என்கிறது அவ்வசனம். நிலத்தைக் காப்பதும் நிலமற்றவனைக் காப்பதும் அங்கே ஒரே கட்டளை. நம் அரசுகளோ அதை இரண்டாகப் பிளந்துவிட்டன.

சொட்டுநீர்ப் பாசன மானியத்தை எடுத்துக்கொள்வோம். மைய அரசு தரும் பங்குடன் தமிழக அரசும் தன் பங்கைச் சேர்த்து, சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்குகிறது. நிலத்தடி நீர் வற்றிவரும் நாட்டில் இது நல்ல திட்டமே. நீரைக் காக்கப் பொதுப்பணம் செலவிடப்படுவதை நான் எதிர்க்கவில்லை. அப்பணம் யார் கையைச் சென்றடைகிறது என்பதே என் கேள்வி.

விண்ணப்பத்துடன் சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் தரும் சான்று ஆகியவை வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுபவரிடம் இவற்றுள் எது இருக்கும்? முறையாகப் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் இருந்தால் வழியுண்டு என்பார்கள். அப்பத்திரத்தைக் கேட்ட மறுநாளே வயல் வேறொருவருக்குப் போய்விடும் என்பதை ஊரறியும். குத்தகைதாரரின் உரிமையைப் பதிவேட்டில் ஏற்றத் தமிழ்நாட்டில் 1969இலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருக்கிறது, கேட்கும் துணிவுதான் ஏழைக்கு இல்லை. 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி உதவித்தொகையும் நில உடைமையாளருக்கே உரியது.

மானியம் நிலத்திற்குத்தானே, பெயர் யாருடையதாயினும் நீர் மிஞ்சுகிறதே என்று சிலர் வாதிடுவர். நீரை மிச்சப்படுத்துவது குழாய் மட்டுமா? வடிகட்டியைக் கழுவுபவரும், அடைத்த துளையைத் திறப்பவரும், விடியுமுன் மோட்டார் போடுபவரும் உழுபவரே அன்றோ? நகரத்தில் குடியிருக்கும் உரிமையாளரின் பெயருக்குக் குழாய் வருகிறது. வயலின் மதிப்பு உயர்ந்தது என்று அவர் குத்தகையைக் கூட்டினால் தடுப்பவர் யார்? மக்கள் வரிப்பணத்தால் மேம்பட்ட நிலத்திற்கு ஏழையே மீண்டும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். இதை நீதி என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், சமூக நெருக்கடி வேறு, சுற்றுச்சூழல் நெருக்கடி வேறு அல்ல, இரண்டும் ஒன்றே என்று போதிக்கிறது. அப்போதனையை அரசுக்கு நினைவூட்டுமுன் நாம் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலயங்களின் பெயரிலும் நிறுவனங்களின் பெயரிலும் வயல்களும் தோப்புகளும் உள்ளன. அவற்றில் உழைப்போருக்கு எழுத்தில் குத்தகை தந்திருக்கிறோமா? நம் மேசை அறைகளில் பூட்டிக் கிடக்கும் பத்திரங்களே ஓர் ஏழைக் குடும்பத்தின் மானியத்திற்குத் தடையாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

உழுபவர் பெயரில் மானியம் வழங்க அரசு வழி செய்யட்டும். கிராம நிர்வாக அலுவலரும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் தரும் சாட்சியமே அதற்குப் போதுமானதாக்கப்படட்டும். அதற்குக் காத்திராமல், திருச்சபை தன் நிலங்களின் குத்தகைகளை இவ்வாண்டே எழுத்தில் பதிவு செய்யட்டும்.

நிலம் ஆண்டவருடையது, நாம் அதில் தங்கியிருக்கும் அந்நியரே என்கிறது அதே அதிகாரத்தின் 23ஆம் வசனம். அவர் திருமுன் பட்டாதாரர் எவருமில்லை. நாம் அனைவரும் குத்தகைதாரரே.