ஆடிக் காட்டினால்தான் நட்டுவனாரா?

கால்பந்து பத்திப் பேச்சு வந்தாலே நம்மாளுங்க ஒரு கேள்வியைத் தூக்கிட்டு வந்துடுறாங்க. "அந்தாளு பெரிசா என்னத்த ஆடிக் கிழிச்சாரு, மத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க?" போன வாரம் நண்பர் ஒருத்தர் உனாய் எமெரியைப் பத்தி இதையே கேட்டார். கூடவே 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது'ன்னு பழமொழி வேற. அன்னிக்கு வாயை மூடிட்டு வந்துட்டேன். இன்னிக்குச் சொல்லிடறேன்.

எமெரி பெரிய ஆட்டக்காரர் இல்லை. ஒத்துக்கறேன் சாமி. ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரர், 1971-ல் பிறந்தவர். தாத்தா, அப்பா ரெண்டு பேருமே கோல்கீப்பர்கள். ரியல் சொசியெதாதில் வளர்ந்தும் முதல் டிவிஷனில் அவர் ஆடினது மொத்தம் 5 ஆட்டம். மிச்சமெல்லாம் டொலேடோ, ஃபெரோல், லெகானெஸ்னு ரெண்டாம் டிவிஷன் ஊர்கள்தான். கடைசியில் மூணாம் அடுக்கில் இருந்த லோர்கா. அங்கே முழங்கால் போச்சு. 2004 கடைசியில், சீசன் நடுவில், அவரையே கோச் ஆக்கினாங்க. வயசு 33. நேத்து வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுங்களுக்கு இன்னிக்கு வாத்தியார்!

என்ன ஆச்சு? 2005-ல் லோர்கா ரெண்டாம் டிவிஷனுக்கு ஏறிச்சு. அடுத்து அல்மேரியா. 2007-ல் முதல் டிவிஷனுக்கு ஏறி, அடுத்த வருஷமே 8-ஆவது இடம்.

இப்போ வாலென்சியா கதைக்கு வாங்க. 2010, 2011, 2012 மூணு வருஷமும் எமெரி அவங்களை 3-ஆவது இடத்தில் நிறுத்தினார். அதுவும் எப்படி? கடன் தாங்காம கிளப் வியா, சில்வா, மாட்டான்னு வரிசையா வித்துக்கிட்டு இருந்த நேரத்தில்! அதே வாலென்சியாவுக்கு 2015 டிசம்பரில் கேரி நெவில் வந்தார். மான்செஸ்டர் யுனைடெட்ல வாங்காத கோப்பை இல்லை. பார்சிலோனாகிட்ட 7-0 வாங்கிட்டு, நாலு மாசம் முடியறதுக்குள்ள வீட்டுக்குப் போனார்.

தற்செயல்னு சொல்வீங்க. சரி, ஆஸ்டன் வில்லா? 2022 அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டை அனுப்பினாங்க. ஆட்டக்காரரா அவர் எமெரியைவிட நூறு மடங்கு. ஆனா அணி கீழே விழற இடத்துக்குப் பக்கத்தில் கிடந்துச்சு. எமெரி வந்தார், அதே சீசனில் 7-ஆவது இடம். 2024-ல் 4-ஆவது, சாம்பியன்ஸ் லீக்.

குவார்டியோலா, சிடான் இல்லையான்னு கேட்கறீங்களா? இருக்காங்க. நல்லா ஆடினவன் சொல்லித்தர முடியாதுன்னு நான் எங்கே சொன்னேன்? ரெண்டும் வேற வேற வித்தைன்னுதான் சொல்றேன். நட்டுவாங்கம் பிடிக்கிறவரை மேடையேறி ஆடச் சொல்றோமா? தாளம் தப்பாம இருக்கான்னுதானே பார்க்கறோம்!

எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல் வேற இடத்தில். அர்செனலில் இருந்தப்போ அவர் 'ஈவ்னிங்'கை 'எபெனிங்'னு சொன்னதை வெச்சு இங்கிலாந்தே சிரிச்சுது. 2019-ல் அணி தோத்துக்கிட்டே போச்சு, வேலையை விட்டு எடுத்தாங்க. நியாயம்தான். ஆனா உச்சரிப்புக்கும் தோல்விக்கும் என்னய்யா சம்பந்தம்? ஜெயிச்சிருந்தா அதே உச்சரிப்பு 'அழகு' ஆகியிருக்கும். இங்கிலீஷ் பேசி நாமளும் கேலிக்கு ஆளானவங்கதானே, நாமளும் சேர்ந்து சிரிக்கலாமா?

குறையும் உண்டு. 2017-ல் பாரிஸ் அணியோட பார்சிலோனாவை 4-0 ஜெயிச்சுட்டு, அடுத்த ஆட்டத்தில் 6-1 தோத்தார். அதை மறைக்க மாட்டேன்.

ஆனா செவியாவோட 2014, 2015, 2016-னு மூணு யூரோப்பா லீக். 2021-ல் வில்லாரியல். அரையிறுதியில் அனுப்பினது யாரைங்கறீங்க? அதே அர்செனலை :-) இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட், பெனால்டியில் 11-10. அந்தச் சின்ன ஊர் கிளப்புக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை.

நண்பரே, சுரைக்காய் நல்லாவே வெந்திருக்கு. வந்து சாப்பிடுங்க.